லீவில் வரும் பிள்ளைகளும் ஓர் அலுமாரிச் சாவியும்



தீபாவளிக்கு முந்திய இரண்டு நாட்களில் நமது டவுன் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் மூச்சு முட்ட வந்து நிற்கும். புறக்கோட்டை இரும்புக்கடையில் நிற்கிற தம்பி, வெள்ளவத்தைப் புடவைக்கடையில் நிற்கிற தங்கச்சி, கட்டுநாயக்காவில் தையல் மெசினில் இருக்கிற அக்கா, ஹோட்டலில் கோப்பை கழுவுகிற பையன், வீட்டு வேலைக்குப் போன பிள்ளை என்று எல்லோரும் இறங்குவார்கள். கையில் இரண்டு மூன்று பை. அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரம், சின்னதுகளுக்குச் சட்டையும் மத்தாப்பும். லயத்து வாசலில் விடியற்காலையிலிருந்து ஒரு கண் ரோட்டிலேயே இருக்கும். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று ஒரு குரல் கேட்டால் அடுத்த காம்பராக்காரரும் எட்டிப் பார்ப்பார்கள்.

நாலு நாள் லீவு. முதல் நாள் எண்ணெய் தேய்த்து முழுக்கு, கோயில், பலகாரம். இரண்டாம் நாள் சொந்தபந்தம். மூன்றாம் நாள் பற்றி நாம் அதிகம் சொல்லவில்லை, தவறணைக்காரர் நன்றாகச் சொல்வார். நாலாம் நாள் மறுபடியும் பஸ்.

இந்த நாலு நாளைப் பற்றியதுதான் இந்தப் பாடம். வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. அதுதான் முதல் கடமை. தீபாவளி முற்பணம் வாங்கி, அடுத்த மாதங்களில் சம்பளத்திலிருந்து அது வெட்டுப்படுவதைப் பார்த்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிற வீட்டுக்கு, பிள்ளை கொண்டுவரும் இரண்டாயிரம் ரூபாவும் பெரிய காசுதான். ஆனால் வீட்டுக்கு வெளியே, லயத்துக்கு, டிவிஷனுக்கு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் எதையாவது விட்டுப்போக முடியுமா? அப்படி விட்டுப்போனால் அது அடுத்த தீபாவளி வரைக்கும் நிற்குமா? இதைக் கேட்க நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் நமது தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு, நாம் அப்போது பொறுப்பாக இருந்த ஒரு தோட்டத்தில், கொழும்பில் வேலை செய்த ஆறு பையன்கள் தீபாவளிக்கு வந்தபோது காசு சேர்த்து ஓர் அலுமாரியும் சுமார் நூறு புத்தகங்களும் வாங்கி வந்தார்கள். கதைப் புத்தகம், அகராதி, ஆங்கிலப் பயிற்சி, சாதாரண தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள் எல்லாம் இருந்தன. பிள்ளைமடுவத்தில் ஒரு சின்னக் கூட்டம். மாலை, பிளேன்டீ, கைதட்டு, போட்டோ. சாவியை ஒருவரிடம் கொடுத்தோம். "வெல்பெயார் ஐயா பார்த்துக்குவார்" என்று பையன்கள் நம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

நாம் பார்த்துக்கொள்ளவில்லை. வேறு வேலை, வேறு டிவிஷன், மீட்டிங், ரிப்போர்ட். சாவி வாங்கியவர் இரண்டு மாதத்தில் மகள் வீட்டோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார், சாவியும் அவரோடு போனது. பரீட்சைக்கு இருந்த ஒரு பெண்பிள்ளை வினாத்தாள் கேட்டு மூன்று தடவை பிள்ளைமடுவத்துக்கு வந்திருக்கிறது. பூட்டை உடைக்க யாருக்கும் மனமில்லை, நம்மிடம் வந்து கேட்கவும் அந்தப் பிள்ளைக்குப் பயம். அடுத்த தீபாவளிக்குப் பையன்கள் வந்து பூட்டை உடைத்துப் பார்த்தபோது கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். மேல்தட்டுப் புத்தகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. அந்தப் பெண்பிள்ளைக்கு அதற்குள் கணக்குப் பாடம் போய், வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு வேலைக்குப் போயாகிவிட்டது. அலுமாரி திறந்திருந்தால் பாஸ் பண்ணியிருக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். பூட்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

பையன்கள் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் கொண்டுவரவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சிக்காக யாழ்ப்பாணம் போக நேர்ந்தது. அங்கே பார்த்ததும், அதன்பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும்தான் இனி வருவது. தோட்டத்துப் பாடத்துக்கு யாழ்ப்பாணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் எத்தனையோ தோட்டங்களில் பெரிய கிளாக்கர், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், பள்ளிக்கூட மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரராகத்தான் இருப்பார். பொங்கலுக்கோ சித்திரை வருடத்துக்கோ லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவார், வரும்போது பனங்கிழங்கும் புழுக்கொடியலும் கொண்டுவருவார். அவர் ஊரில் என்ன செய்துவிட்டு வந்தார் என்று நம் ஆட்கள் கேட்டதில்லை. அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர், பனை, புகையிலை, வெங்காயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்குபோட அந்த மண்ணில் காணி போதாது. அதனால் படித்த பிள்ளைகள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கொழும்புக்கும் கண்டிக்கும் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறி அங்கே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தார்கள். மாதா மாதம் மணி ஓடர் வரும். அந்தக் காசில்தான் பல கிராமங்கள் நடந்தன என்பதால் 'மணி ஓடர் பொருளாதாரம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் முழுப் பாதையும் இணைந்து ரயில் ஓடத் தொடங்கியது 1905-ல். யாழ்தேவி என்ற கடுகதி ரயில் 1956 ஏப்ரல் 23 அன்று முதல் ஓட்டம் ஓடியது. அதன்பிறகு லீவு எடுத்த உத்தியோகத்தர் காலையில் கோட்டையில் ஏறினால் பொழுதுபடுவதற்குள் ஊர் மண்ணை மிதித்துவிடலாம். நமது கொழும்பு பஸ்ஸின் அண்ணன் என்று யாழ்தேவியைச் சொல்லலாம்.

லீவில் வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, வீட்டோடு நிற்கவும் இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை, வாங்கு, விளையாட்டுத் திடல் என்று பணம் திரட்டுவார்கள். மலாயாவில் இருந்தவர்களும், அங்கிருந்து பென்சனோடு திரும்பியவர்களும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் நிறையவே கொடுத்தார்கள். காசு இருந்தவன் கொடுத்தான், இதில் என்ன பாடம் என்று கேட்டால் அந்தக் கேள்வி சரிதான். பாடம் காசில் இல்லை. அதற்காகவே ஒரு உத்தியோகத்தரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அவர் பெயர் கே. எம். செல்லப்பா. யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் உத்தியோகம். பெரிய முதலாளியும் இல்லை, பெரிய அரசியல்வாதியும் இல்லை. காலையில் கந்தோருக்குப் போய், வழக்குக் கட்டுகளையும் பதிவுகளையும் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வருகிற மனிதர். புத்தகத்தில் ஆசை. தன்னிடம் இருந்த புத்தகங்களை வீட்டிலிருந்தபடியே அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருவதே அதிசயம் என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவர் கொடுத்தார், எழுதி வைத்தார், திருப்பி வாங்கினார்.

பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். 1933 டிசம்பர் 11 அன்று, யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் இலவசமான ஒரு மத்திய தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு வேண்டுகோளை எழுதி வெளியிட்டார். அடுத்த வருடம் ஜூன் 9 அன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம். ஊர்ப் பெரியவர்கள், படித்தவர்கள் வந்தார்கள். ஒரு குழு அமைந்தது. பணம் கேட்டார்கள், சனங்கள் கொடுத்தார்கள். சேர்ந்த தொகை எவ்வளவு தெரியுமா? 1,184 ரூபா 22 சதம்.

அந்த 22 சதத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ரூபா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. யாரோ ஒருவர் கடைசிச் சதம் வரைக்கும் எழுதி வைத்ததால்தான் இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தொகை நம் கைக்கு வந்திருக்கிறது. நீதிமன்றத்தில் வேலை செய்கிறவருக்குக் கை வந்த வேலை என்ன? மனு எழுதுவது, திகதி போடுவது, கட்டாகக் கட்டிப் பத்திரப்படுத்துவது, பற்றுச்சீட்டு. அதைத்தான் அவர் ஊருக்குக் கொடுத்தார் என்று நமக்குப் படுகிறது. பணம் ஊர்ச் சனத்தினுடையது. அந்தப் பணத்தை நம்பிக் கொடுக்க வைத்தது ஒரு கந்தோர்க்காரரின் ஒழுங்கு.

1934 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அறையில் நூல்நிலையம் திறந்தது. 844 புத்தகங்கள், முப்பது வரையான பத்திரிகைகளும் சஞ்சிகைகளும், சில மேசை நாற்காலிகள். நம் பிள்ளைமடுவத்தின் அளவுதான் இருந்திருக்கும் அந்த அறை. ஆனால் அது ஒரு மனிதரின் சாவியில் தொங்கிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த வருடமே நகரசபை அதைப் பொறுப்பேற்றது. தான் தொடங்கியதைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அது நடந்திருக்காது. நல்ல காரியம் தொடங்குகிற பலருக்கும் வருகிற நோய் அதுதான், "நான் வாங்கின அலுமாரி" என்ற நோய்.

பிறகு அது வளர்ந்த கதை பெரிது. இடம் போதவில்லை என்று தனிக் கட்டிடம் கட்ட முடிவு செய்து, நகரத்தார் களியாட்ட விழாக்கள் நடத்திக் காசு திரட்டினார்கள். இந்த முயற்சியில் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அயர்லாந்துப் பாதிரியார் லோங் அடிகளார். 1954 மார்ச் 29 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார், இந்திய நூலகத்துறையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 அக்டோபர் 11 அன்று மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். வாடகை அறையிலிருந்து அந்தக் கட்டிடம் வரை வர இருபத்தைந்து வருடம். எத்தனை தீபாவளி, எத்தனை பொங்கல், எண்ணிப் பாருங்கள்.

1981 மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கிற நாட்களில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் பழைய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த வருடங்களில் மலையகத்திலும் நம் சனங்களின் லயங்கள் எரிந்தன. வயதானவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. 1990-களின் பிற்பகுதியில் நூலகத்தை மீண்டும் கட்டுவதற்காக ஒரு செங்கல், ஒரு புத்தகம் என்று நாடு முழுக்கச் சேர்த்த ஓர் இயக்கம் நடந்தது, சிங்களப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் வாசகர்கள் மறுபடியும் உள்ளே வந்தார்கள். நாம் போன அன்று வெள்ளைக் கட்டிடத்தின் வாசிப்பு மண்டபத்தில் ஒரு நாற்காலி கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டி இருந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை கணக்கு வினாத்தாள் செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது நம் அலுமாரியின் ஞாபகம் வந்து, அங்கே அதிக நேரம் இருக்க முடியவில்லை.

பெரிய நூலகத்தை விட நமக்குப் பாடமாக இருந்தது வலிகாமப் பகுதியில் ஒரு கிராமத்தின் சனசமூக நிலையம். குடாநாட்டில் இப்படிச் சின்ன வாசிகசாலைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒற்றை மண்டபம், சாய்வான மேசையில் பத்திரிகைகள், சுவரில் பழைய தலைவர்களின் படங்கள், மூலையில் கரம் பலகை. தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்த ஒருவர் சாவி வைத்திருந்தார். பென்சன்காரர் என்றால் வீட்டில் நாலு பேருக்குக் கரைச்சல் கொடுப்பவர் என்று நாம் நினைக்கிறோம், அங்கே அவர்தான் ஊரின் தூண். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தை முதல் மார்கழி வரைக்கும் பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ஒரு பெயர். அந்த மாதத்துப் பேப்பர் காசு அவர் பொறுப்பு. பெயர்க்காரர்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை. கொழும்பில், வவுனியாவில், சிலர் வெளிநாட்டில். லீவுக்கு வரும்போது தங்கள் மாதத்துக் காசைக் கட்டிவிட்டுப் போவார்களாம். கோயில் திருவிழா உபயத்தைத்தான் அப்படியே வாசிகசாலைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நமக்கு விளங்கியது.

"தம்பி, பேப்பர் ஒருநாள் நிண்டா ஆக்கள் முகத்தைச் சுளிப்பினம். ஒரு கிழமை நிண்டா பிறகு வரமாட்டினம். பேந்து நீங்கள் தங்கத்திலை மேசை போட்டாலும் ஒருத்தரும் வராயினம்" என்றார் அந்தப் பென்சன்காரர். சாவி எத்தனை என்று கேட்டோம். மூன்று. ஒன்று அவரிடம், ஒன்று எதிர்வீட்டுக் கடையில், ஒன்று தலைவரிடம். நம் அலுமாரிக்கு ஒரே சாவி.

லீவு நாள் வேலை என்று அவர் சொன்ன இன்னொன்று குளம். மழை பெய்வது பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும்தான். அந்தத் தண்ணீர் குளத்திலும் கேணியிலும் தங்கி மெல்ல நிலத்துக்குள் இறங்கினால்தான் அயல் கிணறுகள் ஊறும். குளம் தூர்ந்து போனால் மழைத் தண்ணீர் கடலுக்குப் போய்விடும், கிணறு உவர்த்துப் போகும். அதனால் மழைக்கு முன் குளம் வற்றியிருக்கும்போது மண்வெட்டி எடுக்க வேண்டும். பனை விதை நாட்டுவதும் மழைக் காலத்தை ஒட்டித்தான். பனை காய்க்கப் பதினைந்து வருடம் வரை எடுக்கும், அதற்கு மேலும் ஆகலாம். யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. நாட்டுகிறவர் நுங்கு குடிப்பாரா என்பது நிச்சயமில்லை, இருந்தும் நாட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் கனகராசா இந்தப் பனைவிதை நாட்டுவதைத் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துப் பிரசாரம் செய்தவர். சவர்க்காரக் கம்பனிக்கும் பனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டும் அந்த ஊரில் இருக்கின்றன என்பதுதான் சம்பந்தம்.

யாழ்ப்பாணத்தை ஒரேயடியாகப் புகழ்ந்து எழுத நாம் வரவில்லை. அந்த ஊரின் கிணறும் கோயிலும் பள்ளிக்கூட வாங்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. சாதியைச் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லிப் போராடினார்கள். லீவில் வந்தவர் கொடுத்தது 'ஊருக்கு' என்றால், அந்த ஊருக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி அங்கே இருந்தது. நம் தோட்டத்திலும் இருக்கிறது. மேல் லயத்துப் பிள்ளைகள் கொண்டுவந்ததைக் கீழ் லயத்துப் பிள்ளைகள் தொடலாமா, இந்த யூனியன்காரர் வாங்கியதை அந்த யூனியன்காரர் பாவிக்கலாமா என்ற சண்டையை நாம் எத்தனை தடவை தீர்த்து வைத்திருக்கிறோம்! செல்லப்பா தன் வேண்டுகோளில் வைத்த 'இலவசம்' என்ற சொல்லுக்கு நாம் மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

சிரமதானம் பற்றியும் ஒரு வார்த்தை. 1958-ல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குப் போய், கிராமத்துச் சனத்தோடு சேர்ந்து வேலை செய்தார். சர்வோதய இயக்கம் அப்படித்தான் பிறந்தது. சிரமம் என்றால் உழைப்பு, தானம் என்றால் கொடை. நல்ல சொல். ஆனால் வாரம் ஆறு நாள் மலையில் கொழுந்தெடுத்து, கூடை கனத்தில் தோள் இறங்கிப்போன ஒரு தாயிடம் போய் "ஞாயிற்றுக்கிழமையும் உழைப்பைத் தானம் பண்ணுங்கள்" என்று சொல்ல நமக்கு நா எழும்பாது. தோட்ட நிர்வாகம் செய்து தரவேண்டிய கானையும் கக்கூசையும் சிரமதானம் என்ற பெயரில் சனத்தின் தலையில் கட்டுவதையும் பார்த்திருக்கிறோம். உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். தானமாகக் கொடுப்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதக்கூடாது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அடுத்த தீபாவளிக்கு, அந்தப் பழைய அலுமாரி இருந்த தோட்டத்துக்கே போனோம். பஸ்ஸில் வந்த பிள்ளைகளோடு புடவைக்கடைக்குப் போன அந்தப் பெண்பிள்ளையும் வந்திருந்தது. நம்மைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, அந்த அலுமாரி இன்னும் இருக்கா?" என்பதுதான். அலுமாரி இருந்தது. பிள்ளைமடுவத்து ஆயா அதில் பால்மா டின் வைத்திருந்தார்.

அன்று பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசினோம். யாரும் இவ்வளவு காசு போடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. "உங்களுக்கு வேலையில் என்ன பழகியிருக்கு?" என்று கேட்டோம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "என்னத்தைங்க ஐயா, மூட்டை தூக்கப் பழகியிருக்கு" என்றான் ஒரு பையன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரும்புக்கடைத் தம்பிக்கு ஸ்டொக் கொப்பி எழுதத் தெரியும், என்ன சாமான் எத்தனை வெளியே போனது, யார் கையெழுத்து, எப்போது திரும்பியது என்று. கட்டுநாயக்கா அக்காவுக்கு மெசினில் ஊசி உடையாமல் நேர்த்தையல் போட வரும், தோட்டத்தில் சும்மா கிடக்கிற இரண்டு மெசினுக்கும் எண்ணெய் விட்டு ஓடவைக்கவும் வரும். தச்சுக்கடையில் நிற்கிற பையன் அலுமாரியின் கால் நான்கையும் தகரப்பேணிக்குள் நிறுத்தி உள்ளே கழிவெண்ணெய் ஊற்றச் சொன்னான், கறையான் ஏறாதாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரமும் பிடிக்காது. இவ்வளவு சின்ன விசயம் முதல் தடவையே தெரிந்திருந்தால்!

புடவைக்கடைத் தங்கச்சி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு கொப்பியோடு வந்தது. கோடு போட்டு, திகதி, புத்தகத்தின் பெயர், எடுத்தவர், கையெழுத்து, திரும்பி வந்த திகதி என்று ஐந்து கட்டம். கடைசிப் பக்கத்தில் காசுக் கணக்கு, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். முதல் வரியில் தன் பெயரில் நூறு ரூபாவும், அடுத்த வரியில் பூட்டுக்கும் மூன்று சாவிக்கும் ஆன செலவும். கடையில் முதலாளி இப்படித்தான் எழுதச் சொல்வாராம். நமது பங்காக நூறு ரூபா கொடுத்தபோது, "கையெழுத்துப் போடுங்க ஐயா" என்று கொப்பியை நம் பக்கம் திருப்பியது. போட்டோம்.

இதெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொன்னால் பொய். இரண்டாம் வருடம் சங்கத் தேர்தல் சண்டையில் ஒரு சாவி மூன்று மாதம் மறைந்திருந்தது, ஆனால் மற்ற இரண்டும் இருந்தன. தையல் வகுப்பு அக்கா லீவில் வரும் நாட்களில் மட்டும்தான் நடக்கிறது. பதினேழு புத்தகங்கள் திரும்பவில்லை, யார் யார் வீட்டில் என்று கொப்பியில் இருப்பதால் சண்டை இல்லாமல் கேட்க முடிகிறது. மாதப் பேப்பருக்குப் பன்னிரண்டு பெயர் கிடைக்கவில்லை, எட்டுத்தான் கிடைத்தது. அதனால் வருடத்தில் நாலு மாதம் பேப்பர் இல்லை. அந்த நாலு மாதமும் ஆட்கள் வருவது குறைகிறது. பென்சன்காரர் சொன்னது சரிதான்.

இந்தத் தீபாவளிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். பண்டிகைக்கு மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கூடலாம் என்று இருக்கிறோம். வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைத் தாய் தகப்பன்மார் படித்துக் காட்டுங்கள், எழுத்துத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காசு கொண்டுவர வேண்டாம். ஒரு பேனையும், வேலையில் என்ன பழகியிருக்கிறது என்ற ஞாபகமும் போதும். கொப்பி நாம் கொண்டுவருகிறோம். அந்தப் பழைய தோட்டத்துக்காரர்கள் மட்டும் பதினேழு புத்தகத்தில் தங்கள் வீட்டில் இருப்பதைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.